மூன்று வாரப் பூனைக்குட்டிகள்: ஆணா பெண்ணா, கழிச்சல் ஏன்?

மூன்று வாரமே ஆன இரண்டு பூனைக்குட்டிகளுக்குப் பசும்பால் கொடுத்து வருகிறீர்கள், இப்போது கழிச்சல், ஆணா பெண்ணா என்றும் தெரியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டில் ஒன்று கறுப்பு, செம்மஞ்சள், வெள்ளை என மூன்று நிறமும் கலந்தது என்கிறீர்கள். அது அநேகமாகப் பெண்தான். மற்றதின் வாலைத் தூக்கிப் பாருங்கள். ஆசனவாய்க்குக் கீழே ஒட்டினாற்போல் சிறு கோடு இருந்தால் பெண். சற்றுத் தள்ளி வட்டப் புள்ளி இருந்தால் ஆண். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சட்டென்று விளங்கும்.

அதைவிட அவசரம் கழிச்சல். பசும்பால்தான் காரணமாக இருக்கும், இன்றே நிறுத்துங்கள். பூனைக்குட்டிக்கென்றே பால்பவுடர் கிடைக்கிறது. மல்லாக்கப் போட்டுப் புகட்டாதீர்கள், புரையேறும், குப்புறக் கிடக்கட்டும். உடம்பு சில்லென்றிருந்தால் முதலில் கதகதப்பாக்குங்கள், அப்புறம்தான் பால். குடித்ததும் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் அடிப்பக்கத்தை லேசாகத் தடவினால் மூத்திரம் போகும்.

உண்ணிக்கு வைத்திருக்கும் நாய் மருந்தைத் தொடவே வேண்டாம். அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் பூனை செத்தே போகலாம். குட்டி துவண்டு கிடந்தால் நாளைவரை பார்க்காமல் இன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். குடற்புழு மருந்தையும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம்.