பழைய லேத்தில் எம்12 மரை: இரண்டாவது முறை வெட்டும்போது தடம் மாறுவது ஏன்?

கேள்வி: கியர் பாக்ஸ் இல்லாத பழைய லேத் ஒன்றை வாங்கி மரை போடப் பழகுகிறேன். லீட் ஸ்க்ரூ (டூலை நகர்த்தும் நீண்ட திருகு) இஞ்சுக்கு 4 மரை. எம்12 (12 மி.மீ. விட்ட) போல்ட்டில் முதல் கட் சுத்தமாக விழுகிறது. இரண்டாவது கட்டில் டூல் பழைய தடத்தில் இறங்காமல் பக்கத்தில் கோடு போடுகிறது. விற்ற புரோக்கர் ‘டூலை மாற்றுங்கள்’ என்கிறார்.

பதில்: டூல் பாவம், அதை விடுங்கள். லீட் ஸ்க்ரூவின் பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம்) 6.35 மி.மீ., நீங்கள் போடும் மரையின் பிட்ச் 1.75. ஒன்றில் மற்றது முழுசாக அடங்காது. கட் முடிந்ததும் ஹாஃப் நட்டை (டூலைத் தாங்கும் கேரேஜை லீட் ஸ்க்ரூவோடு கோர்க்கும் பிளவு நட்) திறந்து கேரேஜைக் கையால் தள்ளிவிட்டு மறுபடி மாட்டினால், பழைய தடம் கிடைப்பது அதிர்ஷ்டம்தான். முதல் கட்டில் மாட்டிய ஹாஃப் நட்டை மரை முடியும்வரை திறக்காதீர்கள். கட் முடிவில் மெஷினை நிறுத்தி, டூலை வெளியே இழுத்து, அப்புறம் ரிவர்ஸில் ஆரம்பத்துக்கு வாருங்கள். இழுக்காமல் ரிவர்ஸ் போட்டால் கியர்களில் உள்ள லூஸ் அளவுக்கு டூல் விலகி மரையைச் சுரண்டும். சக் (போல்ட்டைப் பிடிக்கும் தலை), ஸ்பிண்டிலில் (அதைச் சுழற்றும் தண்டு) மரை வைத்துத் திருகியதாக இருந்தால் ரிவர்ஸில் கழன்றுவிடும். மெஷின் நன்றாக நின்ற பிறகு ரிவர்ஸை மெதுவாகப் போடுங்கள்.

பக்கத்துப் பட்டறைக்காரர் ஹாஃப் நட்டைத் திறந்து திறந்து மாட்டுகிறாரே என்று கேட்பீர்கள். அவருடைய லீட் ஸ்க்ரூ 6 மி.மீ. பிட்ச்சாக இருக்கும். எம்10-க்கு 1.5, எம்16-க்கு 2. இரண்டும் ஆறில் மிச்சமின்றி அடங்கும், எங்கே மாட்டினாலும் தடம் சரியாக வரும். அவரே எம்8 போட்டால் பிட்ச் 1.25, அடங்காது, அங்கே அவருக்கும் இந்தச் சலுகை கிடையாது. உங்கள் மெஷினில் இஞ்சுக்கு 8, 12, 16 மரை போடும்போது நீங்களும் தாராளமாகத் திறக்கலாம். மி.மீ. மரைக்கும், நாலால் வகுபடாத இஞ்சு மரைக்கும் கூடாது.

எனக்கு அதைவிடப் பெரிய சந்தேகம், இஞ்சு லீட் ஸ்க்ரூவில் மி.மீ. மரையை அச்சாக எடுக்க உதவும் 127 பல் கியர் உங்களிடம் இருக்கிறதா என்பது. ஒரு இஞ்சு 25.4 மி.மீ.; அதை ஐந்தால் பெருக்கினால் 127. ஸ்பிண்டில் பக்கம் 35, லீட் ஸ்க்ரூவில் 127, நடுவில் ஏதாவது ஐட்லர் (விகிதத்தை மாற்றாமல் இரண்டையும் இணைக்கும் கியர்): 1.75 அச்சாக வரும். புரோக்கர்கள் இந்தக் கியரைத்தான் தொலைத்துவிட்டு ‘எல்லா மரையும் வரும் சார்’ என்று விற்பார்கள். கேட்டால் ‘இஞ்சுக்கு 14 போடுங்க, நட் ஏறும்’ என்பார்கள். ஏறும், சில சுற்று, அப்புறம் பிடித்துக்கொள்ளும். வேறு மெஷினின் கியரைத் தலையில் கட்டுவதும் உண்டு, எனவே பல்லின் அளவும் துளையும் பொருந்துகிறதா பாருங்கள். ஐடிஐயில் இரண்டு வருஷம் டர்னர் படித்துவிட்டு வரும் பையன்களே இந்த இடத்தில் விழிக்கிறார்கள். சூத்திரத்தை நோட்டில் எழுத வைத்தால் போதும் என்று நினைக்கிறார்களோ என்னவோ, கியரைக் கழற்றி மாட்டக் கை கொடுப்பதில்லை.

நாளைக்கே ஒரு கம்பியில் மெல்லிய கீறல் மட்டும் போட்டு, பத்துப் பிட்ச் தூரத்தை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். 17.5 மி.மீ. வந்தால் ஆழமாக வெட்டத் தொடங்கலாம். 18-ஐத் தாண்டினால் முதலில் கியரில் பல்லை எண்ணுங்கள், அப்புறம் புரோக்கருக்குப் போன் போடுங்கள்.