அரை நாளில் முடிகிற ஊரா ரெய்க்யவீக்?

கேள்வி: குடும்பத்தோடு ஐஸ்லாந்து போகிறோம். தலைநகரம் ரெய்க்யவீக் ரொம்பச் சின்ன ஊர், அரை நாள் போதும், மீதி நேரத்தை அருவிகளுக்கும் ப்ளூ லகூன் வெந்நீர்க் குளத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். சரிதானா?
– ஒரு வாசகி, கோவை

பதில்: சரியில்லை. அருவிகளைக் கட்டாயம் பாருங்கள். ஆனால் ஹால்கிரிம்ஸ்கிர்க்யா தேவாலயத்தின் முன்னால் ஒரு படம், கடற்கரையில் ஹார்ப்பா இசையரங்கின் கண்ணாடிச் சுவரோடு ஒரு படம், உடனே பஸ் என்று கிளம்பியவர்கள் சொல்வதை வைத்து ஓர் ஊரை எடைபோடாதீர்கள்.

ஒன்றரை லட்சம் பேர்கூட இல்லாத அந்த ஊரைத் தாங்கி நிற்பது பூமிக்கடியிலிருந்து வரும் வெந்நீர். இன்று சுற்றுலாப் பயணிகள் கடை கடையாக ஏறி இறங்கும் லாய்காவேகுர் தெரு, ஒரு காலத்தில் பெண்கள் அழுக்குத்துணி மூட்டையைச் சுமந்துகொண்டு வெந்நீர் ஊற்றுக்கு நடந்த பாதை. பனியிலும் காற்றிலும் நடந்தார்கள். 1930இல் அந்த ஊற்றுப் பக்கத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டருக்குக் குழாய் போட்டு ஒரு பள்ளிக்கும் சில வீடுகளுக்கும் வெந்நீர் கொண்டுவந்தார்கள். அதற்கு முன் குளிர்காலம் என்றால் நிலக்கரிப் புகைதான். இப்போது ஏறக்குறைய எல்லா வீடுகளுக்கும் கதகதப்புத் தருவது நிலத்தடி வெப்பம்.

அதனால் நான் சொல்வது இதுதான்: ஒரு மாலையை நகராட்சி நீச்சல் குளத்துக்கு ஒதுக்குங்கள். 1937இல் திறந்த சுண்ட்ஹோல் ஊருக்கு நடுவிலேயே இருக்கிறது. ப்ளூ லகூன், பக்கத்து மின்நிலையத்திலிருந்து வெளியேறும் நீரால் உருவானது. அழகுதான், ஆனால் அங்கே உங்களோடு குளிப்பவர்களும் பயணிகளே, கட்டணமும் பல மடங்கு. நகராட்சிக் குளத்தில் வேலை முடிந்து வந்தவர், பள்ளிப் பிள்ளைகள், வயதானவர்கள் எல்லோரும் ஒரே வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். வெட்டவெளித் தொட்டி, தலையில் பனி விழுந்தாலும் யாரும் எழுந்திருப்பதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். இறங்கும் முன் நீச்சல் உடை இல்லாமல் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம்தான், ஆனாலும் பொதுக் குளியலறை. எங்கெங்கே தேய்க்க வேண்டும் என்று சுவரில் படமே இருக்கும். நமக்குக் கூச்சமாகத்தான் இருக்கும். அதற்காக உடையோடு நனைந்துவிட்டு நழுவப் பார்க்காதீர்கள். குளோரினைக் குறைவாகக் கலந்தே நீரைச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள், அதற்கு எல்லோரும் ஒத்துழைக்க வேண்டும். பல குளங்களில் மறைப்புள்ள தனி அறையும் உண்டு, கேளுங்கள்.

அப்புறம், தண்ணீர் பாட்டில் வாங்கிக் காசை வீணாக்காதீர்கள். குழாயில் வரும் குளிர்ந்த நீர் அருமையான குடிநீர். வெந்நீர்க் குழாயில் முட்டை வாடை வந்தால் பயப்பட வேண்டாம், அது கந்தகம். குடிக்க மட்டும் அதைப் பிடிக்காதீர்கள்.