உமிழ்நீரில் ஹார்மோன் சோதனை: வாசகர் கேள்விகள்

கே: பல் துலக்கிய பிறகு உமிழ்நீர் எடுக்கலாமா? (ஈசூன்)

ப: உடனே கூடாது. ஈறு கசிந்தால் ரத்தம் கலந்துவிடும். ரத்தத்தில் ஹார்மோன் பல மடங்கு அதிகம். எடுத்தது இளஞ்சிவப்பாக இருந்தால் கொட்டிவிடுங்கள்.

கே: குழாய் நிறைய எடுத்தேன். போதவில்லை என்கிறார்கள்.

ப: நிறைந்தது நுரை. அது கணக்கில் சேராது. தலையைத் தாழ்த்தி, வாயில் ஊறுவதைத் தானாக வழியவிடுங்கள். காறித் துப்பினால் சளிதான் வரும்.

கே: வாய் ஊறவே மாட்டேன் என்கிறது. எலுமிச்சை ஊறுகாய் உதவுமா? (தோ பாயோ)

ப: நினைத்துக்கொள்ள உதவும். நாக்கில் வைக்காதீர்கள், புளிப்பு சோதனையைக் கெடுத்துவிடும்.

கே: நாள் முழுக்க 4 குழாய் என்றார்கள். வேலைக்குப் போக வேண்டியிருந்ததால் காலையிலேயே நான்கையும் நிரப்பிவிட்டேன். பரவாயில்லையா? (ஜூரோங்)

ப: ஆய்வகத்தில் உமிழ்நீர்ப் பஞ்சம் என்றா நான்கு கேட்டார்கள்? கார்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோன், கண்விழித்து அரை மணி, முக்கால் மணியில் உச்சத்துக்கு ஏறும். பிறகு இறங்கிக்கொண்டே போய் நள்ளிரவுவாக்கில் அடிமட்டத்தைத் தொடும். அந்த இறக்கத்தைப் பார்க்கத்தான் நான்கு. நீங்கள் முதல் படியிலேயே நின்று நான்கு படம் எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள்.

இன்னொரு கூட்டம் இதைவிட மோசம். எடுப்பது ஒரு நேரம், எழுதுவது ஒரு நேரம். நான் ஆய்வகத்தில் இருந்த காலத்தில் லேபிளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஒரே பேனா, ஒரே சாய்வு, 7.00, 12.00, 5.00, 11.00. உண்மையாக எடுத்தவருடைய லேபிளில் 7.10, 12.25 என்று கோணல்மாணலாக இருக்கும், ஒன்றில் குழம்புக் கறைகூட இருக்கும். தாமதமானால் தாமதமான நேரத்தையே எழுதுங்கள். அதை வைத்துக் கணக்குப் போடலாம், பொய்யை வைத்துப் போட முடியாது. 'காலை' என்பதும் நேரம் அல்ல. எழுந்தது எத்தனை மணி, எடுத்தது எத்தனை மணி, இரண்டும் வேண்டும். இதைப் பத்து முறையாவது எழுதியிருப்பேன்.

கே: என் அளவு 12. நல்லதா?

ப: எந்த ஹார்மோன்? எந்த அலகு? எத்தனை மணிக்கு எடுத்தது? பஸ் எண்ணைச் சொல்லாமல் எப்போது வரும் என்கிறீர்கள்.

கே: தொண்டைக்காகத் தேக்காவில் அதிமதுரம் வாங்கி மெல்லுகிறேன். பாதகமா?

ப: ஆம். கார்டிசோலைச் செயலிழக்கச் செய்யும் நொதியை அது தடுக்கும். அளவு உயர்ந்து தெரியும். எத்தனை நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஸ்டீராய்டு களிம்பு தடவினால் அதையும் சொல்லுங்கள். தடவிய விரல் குழாயில் பட்டாலே போதும், சோதனை கெட்டுவிடும்.

கே: இரவு ஷிப்ட் பார்ப்பவன். நள்ளிரவு உமிழ்நீர் கேட்கிறார்கள். (துவாஸ்)

ப: பகலில் விழித்து இரவில் உறங்குகிறவர்களுக்கான சோதனை அது. உங்களுக்கு ஒத்துவராது. எடுப்பதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கே: தைராய்டையும் இதிலேயே பார்த்துவிடலாமா?

ப: முடியாது. பலதுறை மருந்தகத்துக்குப் போய் ரத்தம் கொடுங்கள்.

கே: ஆய்வகம் உறையவைக்கச் சொல்கிறது. மீனுக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது என்கிறார் என் மனைவி. (பொங்கோல்)

ப: அவர் சொல்வது நியாயம். குழாயை இறுக மூடி, தனி டப்பாவில் போட்டு உறைபெட்டியில் வையுங்கள். நம் ஊரின் 30 டிகிரியில் மேசைமேல் கிடந்தால் கிருமி பெருகிவிடும். லேபிளில் நேரம் எழுதினீர்கள்தானே?