நேரில் பார்த்தே இராத எழுத்தாளர் இறந்ததற்காக அழுவது அசட்டுத்தனமா?

இல்லை. வீட்டில் யாரோ ஏதோ சொல்லிவிட்டார்கள், மனசு பொறுக்காமல் இங்கே வந்து கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் சொன்னார்கள். 2015 மார்ச் 12 இரவு, ஆங்கில எழுத்தாளர் டெர்ரி பிராச்செட் இறந்த செய்தியைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன். "வெள்ளைக்காரன் செத்ததுக்கு நீ ஏன்டா ஒப்பாரி வைக்கிற?" என்றார் சித்தப்பா.

ஆங்கில மோகம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். நான் தமிழ்ப்பள்ளியில் படித்தவன். மலேசியத் தமிழ் நாவல்களைக் காசு கொடுத்து வாங்குகிறவன். நம் எழுத்தாளர்களின் இரங்கல் கூட்டங்களுக்கும் போய் நின்றிருக்கிறேன். இது வேறு கணக்கு.

அம்மா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பவர். மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தையை ஒட்டிய தோட்டம், வரிசையாகக் கட்டிய லயத்து வீடு. விடியுமுன் ஈரப் புல்லில் இறங்க வேண்டும். காலில் ஐந்து வெள்ளி (ரிங்கிட்) விலையில் கித்தா சப்பாத்து, ரப்பர் காலணி. மூன்று மாதத்தில் குதிகால் பக்கம் பிளந்துவிடும். பிளந்த வழியாகத் தண்ணீரும் போகும், அட்டையும் போகும். சாயங்காலம் அம்மா சப்பாத்தைக் கழற்றினால் விரலிடுக்கெல்லாம் வெளுத்து ஊறிப்போய்ச் சேற்றுப்புண். மஞ்சளைத் தேங்காயெண்ணெயில் குழைத்து நான்தான் தடவிவிடுவேன். நல்ல நீள பூட்ஸ் முப்பது வெள்ளி. கடைக்காரரின் கடன் புத்தகத்தில் அதற்கு இடமில்லை. அதனால் திரும்பவும் ஐந்து வெள்ளி சப்பாத்துதான்.

நான் நான்காம் படிவம் படிக்கும்போது, பசார் மாலாம் இரவுச் சந்தையில் பழைய புத்தகக் குவியலிலிருந்து மூன்று வெள்ளிக்கு ஒன்றை எடுத்தேன். பிராச்செட் 1993இல் எழுதிய 'மென் அட் ஆர்ம்ஸ்'. மந்திரவாதியும் சிரிப்புமாகப் போகிற கதையில், சாம் வைம்ஸ் என்ற காவல் தலைவன் ஓரிடத்தில் சப்பாத்துக் கணக்குப் போடுகிறான். அவனுக்கு மாதச் சம்பளம் 38 டாலர். நல்ல சப்பாத்து 50 டாலர், பத்து வருடம் ஆனாலும் கால் நனையாது. 10 டாலர் சப்பாத்து ஒன்றிரண்டு பருவம்தான் தாங்கும். ஆக, ஏழை அதே பத்து வருடத்தில் 100 டாலர் செலவழித்திருப்பான், காலும் ஈரமாகவே இருக்கும்.

அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தேன். அப்புறம் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். மஞ்சள் தடவிய காலை நீட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தவர், "இவரு பால்மரக் காட்டுல வேலை செஞ்சவரா?" என்றார். 17 வயதில் பள்ளியை விட்டு உள்ளூர்ப் பத்திரிகையில் சேர்ந்தவர் என்பதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அன்றிலிருந்து அம்மாவுக்கு அவர் "சப்பாத்துக்காரர்".

டிஸ்க்வேர்ல்ட் என்ற கற்பனை உலகத்தில் நடக்கும் அந்த வரிசையில் 41 நாவல்கள். கிடைத்ததையெல்லாம் படித்து அம்மாவுக்குக் கதை சொன்னேன். ஆமை முதுகில் நான்கு யானை, யானைகள் மேல் உலகம் என்றதும், "நம்ம கூர்மாவதாரம்தானே" என்று சட்டென்று ஒட்டிக்கொண்டார். அந்த உலகத்து எமன் வெள்ளைக் குதிரையில் வருவான், பூனை என்றால் அவனுக்கு உயிர். எருமையை விட்டுக் குதிரைக்கு ஏன் மாறினான் என்று அம்மா வெகுநாள் கேட்டுக்கொண்டிருந்தார்.

2007இல், 59 வயதில், தனக்கு அல்ஸைமர் வகை மறதி நோய் என்று பிராச்செட்டே வெளியே சொன்னார். தட்டச்சு கைவிட்டுப் போனபின் வாயால் சொல்லிச் சொல்லி எழுதினார். இறந்த அன்று அவருடைய ட்விட்டர் கணக்கில் வந்த முதல் செய்தி, கதைகளில் எமன் பேசும் அதே பெரிய எழுத்துகளில் இருந்தது: கடைசியில் நாம் சேர்ந்து நடக்க வேண்டியதுதான். அடுத்ததில் அவர் எமனின் கையைப் பிடித்துக்கொண்டு போகிறார். இதற்கு அழாமல் எப்படி இருப்பது?

அம்மா எழுந்து வந்து யார் செத்தது என்று கேட்டார். "சப்பாத்துக்காரர்மா." கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "புள்ளைங்க இருக்கா?" என்றார். ஒரு மகள், அவரும் எழுதுகிறவர் என்றேன். காலையில் சாமி விளக்கில் ஒரு திரி கூடுதலாக எரிந்தது. சித்தப்பா அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

பிராச்செட்டின் இன்னொரு நாவலில், கோபுரம் கோபுரமாகச் சைகை அனுப்பிச் செய்தி கடத்துகிற ஆட்கள், வேலையில் செத்தவனின் பெயரை அந்தத் தடத்திலேயே நிற்காமல் ஓட விடுவார்கள். பெயர் பேசப்படுகிறவரை ஆள் சாகவில்லை என்பது அவர்கள் நம்பிக்கை. அவர் போனபின் வாசகர்கள் அதையே செய்தார்கள். இணையப் பக்கங்கள் அனுப்புகிற, திரையில் தெரியாத தலைப்பு வரிகளில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். நானும் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலின் இணையப் பக்கத்தில் சேர்த்தேன். சாமி பக்கத்தில் இது எதற்கு என்பவர்களுக்கு: திருவிழாத் தேதி பார்க்க வருகிறவர் கண்ணில் அது படவே படாது.

பெயர் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். அதே 2007இல் எங்கள் ஊர்ப் பெயரையும் மாற்றி பெஸ்தாரி ஜெயா என்று பலகை வைத்தார்கள். பழைய பெயர் மலாய்க் காதுக்கு விரசமாகப் படுகிறதாம். இருக்கட்டும். ஆனால் அந்தப் பெயரில் பிறப்புப் பத்திரம் வாங்கிய எங்களில் ஒருவரையாவது கேட்டார்களா? லயங்கள் போயின, மரம் போய்ச் செம்பனை வந்தது, பெயரும் போயிற்று. அம்மா இன்றைக்கும் பஸ்ஸில் "பெர்ஜுந்தை" என்றுதான் டிக்கெட் கேட்கிறார்.

சரி, உங்கள் எழுத்தாளர் யார் என்று நீங்கள் சொல்லவே இல்லையே. கீழே எழுதுங்கள். கோயில் பக்கத்தில் அந்தப் பெயரையும் சேர்த்துவிடுகிறேன்.