வாக்குத்தத்தமும் வாக்கு வங்கியும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

2018இல் அமெரிக்கா தன் தூதரகத்தை டெல் அவிவிலிருந்து ஜெருசலேமுக்கு மாற்றியதில் மதத்துக்குப் பெரும்பங்கு உண்டு என்று எழுதியிருந்தீர்கள். அது யூதர்களின் பணபலம் செய்த வேலை என்கிறார்கள் என் நண்பர்கள். நான் போகும் பெந்தெகொஸ்தே சபையிலோ ஆதியாகமம் 12:3ஐக் காட்டி, இஸ்ரேலை ஆதரிக்கும் தேசத்தைக் கர்த்தர் ஆசீர்வதிப்பார் என்கிறார்கள். ஒரு வசனம் ஒரு வல்லரசின் கொள்கையாக உண்மையிலேயே மாறுமா?

எஸ்., நாகர்கோவில்

அன்புள்ள எஸ்.,

முதலில் பணபலம். ஷெல்டன் ஆடெல்சன் போன்ற பெரும் நன்கொடையாளர்கள் இந்த மாற்றத்தைக் கேட்டுவந்தது உண்மை. ஆனால் 2016 தேர்தலில் அமெரிக்க யூதர்களில் ஏறத்தாழ பத்தில் ஏழு பேர் ஹிலாரி கிளிண்டனுக்கு வாக்களித்தார்கள். ட்ரம்ப்புக்கு வாக்களித்தவர்கள் வெள்ளையின இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்கள் (வேதாகமத்தையே இறுதி அதிகாரமாகக் கொள்ளும் புராட்டஸ்டண்ட் பிரிவினர்), அவர்களில் பத்தில் எட்டு பேர். ஜெருசலேம் முடிவு இவாஞ்சலிக்கல்களுக்காகத்தான், யூதர்களைவிட அவர்களுக்கே அதில் உற்சாகம் அதிகம் என்று 2020 ஆகஸ்டில் விஸ்கான்சினில் ட்ரம்ப்பே பேசினார்.

உலகின் கடைசிக் காலத்தில் இயேசுவின் இரகசிய வருகை, உபத்திரவ காலம், அவருடைய ஆயிர வருட அரசாட்சி என்ற வரிசையில் எல்லாம் நடக்கும் என்று உங்கள் சபையிலும் கேட்டிருப்பீர்கள். 19ஆம் நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பி என்ற போதகர் பரப்பிய போதனை அது. 1909இல் வெளியான ஸ்கோஃபீல்டு வேதாகமம் அதை வசனங்களுக்குக் கீழே குறிப்புகளாக அச்சிட்டு அமெரிக்க வீடுகளுக்குள் கொண்டுசேர்த்தது. யூதர்கள் தங்கள் தேசத்துக்குத் திரும்புவது அந்த வரிசையில் தவிர்க்க முடியாத கட்டம். அதனால்தான் 1948இல் இஸ்ரேல் பிறந்ததும் 1967இல் கிழக்கு ஜெருசலேம் அதன் கைக்குப் போனதும் இந்தப் போதனையை நம்பும் இவாஞ்சலிக்கல்களுக்குத் தீர்க்கதரிசனத்தின் நிறைவேற்றம். அதைத் திருப்பிக்கொடுக்கச் சொல்லும் எந்தச் சமாதான ஒப்பந்தமும் கடவுளின் திட்டத்துக்கு எதிரானதாகவே இவர்களில் பலருக்குத் தெரியும். எனக்குப் பெரிய கவலை இதுதான். எல்லைக்கோட்டைப் பேசித் தீர்க்கலாம், தீர்க்கதரிசனத்தைப் பேரம் பேச முடியாது.

நம்பிக்கை மட்டும் போதாது, அதற்கு ஒரு சட்டம் வேண்டும். 1995 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றம் ஜெருசலேம் தூதரகச் சட்டத்தை நிறைவேற்றியது. செனட்டில் 93க்கு 5, கீழவையில் 374க்கு 37. அதிபர் பில் கிளிண்டன் கையெழுத்திடாமலேயே அது சட்டமானது. 1999 மே 31க்குள் ஜெருசலேமில் தூதரகம் திறக்காவிட்டால், வெளிநாட்டுக் கட்டடங்களுக்காக வெளியுறவுத் துறை பெறும் நிதியில் பாதி முடங்கும் என்றது அந்தச் சட்டம். தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டி அதிபர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை விலக்கு அளிக்கலாம். கிளிண்டன், இளைய புஷ், ஒபாமா மூவரும் தவறாமல் அதில் கையெழுத்திட்டார்கள். 2017 ஜூனில் ட்ரம்ப்பும் இட்டார்.

அந்த விலக்கை வெறும் சடங்கு என்று நினைத்துவிடக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதிபர் தன் வாக்காளர்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது. டெக்சாஸ் பாஸ்டர் ஜான் ஹேகி 2006இல் தொடங்கிய ‘இஸ்ரேலுக்காக ஒன்றுபட்ட கிறிஸ்தவர்கள்’ போன்ற அமைப்புகள் ஒவ்வொரு ஆண்டும் வாஷிங்டனில் கூடி, உறுப்பினர்களைத் தத்தம் தொகுதிப் பிரதிநிதிகளின் அலுவலகங்களுக்கே அனுப்பும். அந்த வாக்கை நம்பியிருக்கும் கட்சி ஆட்சிக்கு வந்தபோது, 2017 டிசம்பர் 6இல் ஜெருசலேம் இஸ்ரேலின் தலைநகராக அங்கீகரிக்கப்பட்டது. 2018 மே 14 திறப்பு விழாவில் தொடக்க ஜெபம் செய்தவர் இவாஞ்சலிக்கல் பாஸ்டர் ராபர்ட் ஜெஃப்ரஸ், முடிவு ஆசீர்வாதம் சொன்னவர் ஹேகி. அதே நாளில் காஸா எல்லை வேலியருகே சுமார் 60 பாலஸ்தீனர்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். இரண்டு நாள் கழித்து, இவாஞ்சலிக்கல் அதிபர் ஜிம்மி மொராலெஸின் குவாத்தமாலாவும் தூதரகத்தை மாற்றியது.

மதமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று நான் சொல்லவில்லை. இஸ்ரேலுக்குப் பத்தாண்டுகளில் 3,800 கோடி டாலர் ராணுவ உதவி தரும் ஒப்பந்தம் 2016இல் ஒபாமா ஆட்சியில் கையெழுத்தானது. அதன் காரணங்களைப் படைபலத்திலும் கூட்டணிகளிலும் தேட வேண்டும். 1957இல் ஐசன்ஹோவர் இஸ்ரேலைச் சினாயிலிருந்து பின்வாங்கச் செய்தார். 1991இல் மூத்த புஷ், குடியேற்றங்கள் காரணமாக 1,000 கோடி டாலர் கடன் உத்தரவாதத்தை நிறுத்திவைத்தார். அழுத்தம் கொடுக்கும் அதிகாரம் வெள்ளை மாளிகைக்கு எப்போதும் உண்டு. இவாஞ்சலிக்கல் வாக்கு செய்வது, அந்த அதிகாரத்தைப் பயன்படுத்துவதற்கான அரசியல் விலையை ஏற்றிவிடுவது. குடியரசுக் கட்சி அதிபருக்கு அந்த விலை மிக அதிகம்.

உங்கள் சபை காட்டும் வசனம் ஆபிராமுக்குச் சொல்லப்பட்டது. ‘பூமியிலுள்ள வம்சங்களெல்லாம் உனக்குள் ஆசீர்வதிக்கப்படும்’ என்றுதான் அது முடிகிறது. அந்தக் கடைசிப் பகுதியையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். அந்த மண்ணிலேயே வாழும் கிறிஸ்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பதும் முக்கியம். ஜெருசலேமின் திருச்சபைத் தலைவர்கள், அறிவிப்பு வந்த அதே டிசம்பர் 6 தேதியிட்டு ட்ரம்ப்புக்குக் கடிதம் எழுதி, நகரத்தின் நிலையை மாற்ற வேண்டாம் என்று கேட்டார்கள். அதே காரணத்துக்காக, அப்போதைய துணை அதிபர் மைக் பென்ஸை எகிப்தில் சந்திக்க, அந்நாட்டின் பழமையான காப்டிக் திருச்சபையின் தலைவரான போப் இரண்டாம் தவாத்ரோஸ் மறுத்தார். பாலஸ்தீனக் கிறிஸ்தவர்கள் 2009 டிசம்பரில் பெத்லகேமில் வெளியிட்ட கைரோஸ் பாலஸ்தீனம் என்ற அறிக்கை, ஆக்கிரமிப்பைக் கடவுளுக்கும் மனிதருக்கும் எதிரான பாவம் என்கிறது. அதை நியாயப்படுத்தும் இறையியலையும் நேரடியாக மறுக்கிறது. அதை உங்கள் பாஸ்டரிடம் கொடுத்து, ஒரு வேதபாட வகுப்பில் வாசிக்க முடியுமா என்று கேட்டுப்பாருங்கள்.