சண்டை எந்த இடத்தில் போராகிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் அக்கா மகன் ஜம்மு பக்கம் ராணுவத்தில் இருக்கிறான். 2025 மே மாதம் இந்தியா-பாகிஸ்தான் சண்டை நடந்த அந்த நான்கு நாளும் எங்கள் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. ஒரு சேனலைத் திருப்பினால் கராச்சி துறைமுகம் அழிந்துவிட்டது என்றார்கள். இன்னொன்றில் மூன்றாம் உலகப் போர் என்றார்கள். என் நண்பர் ஒருவர், "இரண்டு பேரிடமும் அணுகுண்டு இருக்கிறது, அதனால் ஒன்றும் பெரிதாகாது" என்று அடித்துச் சொல்கிறார். அது சரிதானா? சீனாவோ அமெரிக்காவோ உள்ளே வந்தால் என்ன ஆகும்? அடுத்த முறை இப்படி நடந்தால், எங்களைப் போன்றவர்கள் எதைப் பார்த்து நிலைமையைப் புரிந்துகொள்வது?

ஆர்., திண்டுக்கல்

அன்புள்ள ஆர்.,

உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி. அணு ஆயுதம் இருப்பதால் இரண்டு அரசுகளும் எங்கே நிறுத்திக்கொள்வது என்பதை முதலிலேயே யோசித்துவிடுகின்றன. ஆனால் "இதற்கு மேல் அவர்கள் வரமாட்டார்கள்" என்று ஒரு தரப்பு போடும் கணக்கு தப்பிப்போவது உண்டு. அது தப்பும் இடத்தில்தான் சண்டை போராகிறது.

1965ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்டில் பாகிஸ்தான் காஷ்மீருக்குள் ஆட்களை ஊடுருவ விட்டது. பதிலுக்கு இந்திய ராணுவம் 28ஆம் தேதி ஹாஜி பீர் கணவாயைப் பிடித்தது. செப்டம்பர் 1 அன்று பாகிஸ்தான் டாங்கிகள் சம்ப் பகுதியில் நுழைந்து, செனாப் ஆற்றின் மேலுள்ள அக்னூர் பாலத்தைக் குறிவைத்தன. அந்தப் பாலம் போனால் ரஜௌரி, பூஞ்ச் பகுதிப் படைகளுக்குப் பொருள் போகும் வழி அடைபடும். சண்டை காஷ்மீருக்குள்ளேயே முடிந்துவிடும் என்பது பாகிஸ்தான் தலைமையின் கணக்கு. அக்னூரில் விழுந்த அழுத்தத்தைக் குறைக்க, இந்தியப் படை செப்டம்பர் 6 அன்று பஞ்சாபில் சர்வதேச எல்லையைத் தாண்டி லாகூர் நோக்கி நகர்ந்தது. ஓரிடத்தில் நெருக்கினால் இன்னோரிடத்தில் திறப்பது எந்த ராணுவமும் செய்யக்கூடியதுதான். எதிரில் இருப்பவருக்கோ அது முழுப் போராகத் தெரியும். ஒரு பாலத்துக்கான சண்டை முழுப் போராக மாற ஐந்து நாள் போதுமானதாக இருந்தது.

கார்கிலில் இதற்கு நேர்மாறாக நடந்தது. 1999 மே 26 அன்று விமானப்படை இறங்கியபோது, காஷ்மீரில் இரு தரப்பையும் பிரிக்கும் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டக் கூடாது என்பது அரசின் உத்தரவு. மறுநாளே ஒரு மிக்-27, ஒரு மிக்-21 என இரண்டு விமானங்களை இழந்தோம். அப்போதும் உத்தரவு தளரவில்லை. விமானிகள் வசதியான திசையிலிருந்து வந்து தாக்க முடியாமல், நம் பக்கத்து வானிலேயே சுற்றி, மலை உச்சிகளில் இருந்த இலக்குகளை அடிக்க வேண்டியிருந்தது. அந்தக் கட்டுப்பாட்டுக்கு நாம் உயிராலும் விமானங்களாலும் விலை கொடுத்தோம். இந்தியா கோட்டைத் தாண்டவில்லை என்பதைப் பாகிஸ்தான் தன் ரேடார் திரையிலேயே பார்த்துத் தெரிந்துகொள்ள முடிந்தது. எதிரி தானே சரிபார்த்துக்கொள்ளக்கூடிய வரம்புக்குத்தான் மதிப்பு என்று நான் உறுதியாக நினைக்கிறேன். பேட்டியில் சொல்லும் வரம்பை யாரும் நம்புவதில்லை.

இன்று எனக்குள்ள பெரிய கவலை நேரத்தைப் பற்றியது. 2001 டிசம்பரில் நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு, நம் தாக்குதல் படைப்பிரிவுகள் ரயிலில் ஏறி எல்லைக்குப் போய்ச் சேர ஏறக்குறைய மூன்று வாரம் ஆனது. ராணுவத்துக்கு அது பெரிய குறை. ஆனால் அந்த மூன்று வாரம்தான் தூதர்கள் அலைந்து திரிந்து பேச இடம் கொடுத்தது. அந்தத் தாமதத்தைச் சரிசெய்யத்தான் பிறகு சிறிய, வேகமான படைப்பிரிவுகளும் தொலைதூர ஏவுகணைகளும் டிரோன்களும் வந்தன. குறை தீர்ந்தது, கூடவே பேசுவதற்கான நேரமும் போனது.

எவ்வளவு நேரம் மிஞ்சியிருக்கிறது என்பதற்கு 2022 மார்ச் 9ஆம் தேதி மாலையைப் பாருங்கள். ஹரியானாவின் சிர்சா பக்கத்திலிருந்து ஒரு பிரம்மோஸ் ஏவுகணை தவறுதலாகக் கிளம்பியது. பாகிஸ்தான் ராணுவம் சொன்னபடி, அது முதலில் இந்திய வான்பரப்பிலேயே தென்மேற்காகப் போய், பிறகு திடீரெனத் திரும்பி எல்லை தாண்டி, 124 கிலோமீட்டர் உள்ளே மியான் சன்னு என்ற ஊரில் விழுந்தது. கிளம்பியதிலிருந்து விழுந்தது வரை சுமார் ஏழு நிமிடம். அதில் வெடிமுனை இல்லை, யாரும் சாகவில்லை. ஆனால் அந்த ஏழு நிமிடமும் அதை ரேடாரில் பார்த்துக்கொண்டிருந்த அதிகாரிக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வழியில்லை. தொழில்நுட்பக் கோளாறால் நடந்த விபத்து என்று இந்தியா அறிவித்தது மார்ச் 11 அன்று. உடனே ஏன் சொல்லவில்லை என்று பாகிஸ்தான் கேட்டது, கேட்க வேண்டிய கேள்விதான். ஆகஸ்டில் விமானப்படை அதிகாரிகள் மூவர் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள்.

பதற்றம் இல்லாத ஒரு நாளில் அது நடந்தது நம் அதிர்ஷ்டம். பதற்றமான நாளில் என்ன ஆகும் என்பதற்கு 2019 பிப்ரவரி 27 இருக்கிறது. பாகிஸ்தானின் பாலகோட்டில் நம் விமானப்படை குண்டு வீசியதற்கு மறுநாள், நௌஷேரா பக்கம் வான்சண்டை நடந்துகொண்டிருந்த அதே காலையில், ஸ்ரீநகர் அருகே பட்காமில் நம் விமானப்படையின் மி-17 ஹெலிகாப்டரை நம் ஏவுகணையே வீழ்த்தியது. வீரர்கள் ஆறு பேரும் தரையில் இருந்த ஒருவரும் இறந்தார்கள். அது பெரிய தவறு என்று விமானப்படைத் தளபதி பின்னர் ஒப்புக்கொண்டார். சொந்த ஹெலிகாப்டரையே அடையாளம் காண முடியாத ஒரு காலையில், எதிரியின் ஏவுகணையில் இருப்பது சாதாரண வெடிபொருளா அணு ஆயுதமா என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்?

இதற்காகச் செய்துவைத்த ஏற்பாடுகள் இல்லாமல் இல்லை. ஒருவர் அணுசக்தி நிலையங்களை மற்றவர் தாக்கக் கூடாது என்ற 1988 ஒப்பந்தப்படி, 1992 முதல் ஜனவரி 1ஆம் தேதிகளில் இரு நாடுகளும் அந்த நிலையங்களின் பட்டியலை மாற்றிக்கொள்கின்றன. கார்கில் முடிந்த அடுத்த ஜனவரியிலும் மாற்றிக்கொண்டன. 1991 ஒப்பந்தப்படி போர் விமானங்கள் எல்லைக்குப் பத்து கிலோமீட்டருக்குள் பறக்கக் கூடாது. 2005 ஒப்பந்தப்படி பாலிஸ்டிக் ஏவுகணை (எறிந்த கல் போல உயரே போய் விழுவது) சோதனைக்கு மூன்று நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும். ஓட்டை இங்கேதான் இருக்கிறது. பிரம்மோஸ் விமானம் போலப் பறந்து போகும் குரூஸ் ஏவுகணை, அதனால் 2005 ஒப்பந்தத்துக்குள் வராது. விபத்து நடந்தால் உடனே தெரிவிக்க வேண்டும் என்ற 2007 ஒப்பந்தம் அணு ஆயுதங்களுக்கு மட்டும்தான். இந்த இரண்டிலும் குரூஸ் ஏவுகணையைச் சேர்க்க யாருடைய கௌரவமும் குறையாது. மியான் சன்னுவுக்குப் பிறகாவது செய்திருக்க வேண்டும்.

சீனா, அமெரிக்கா பற்றிக் கேட்டீர்கள். 1965இல் சீனா சிக்கிம் எல்லையில் கெடு வைத்தது, ஆனால் போரில் இறங்கவில்லை. 1971இல் அமெரிக்காவின் எண்டர்பிரைஸ் விமானந்தாங்கிக் கப்பல் வங்காள விரிகுடா வரை வந்தது, ஒரு குண்டும் வீசவில்லை. 2020இல் லடாக்கின் கல்வானில் சீனப் படையோடு மோதி ராமநாதபுரம் ஹவில்தார் பழனி உட்பட நம் வீரர்கள் இருபது பேர் இறந்த இரவிலும், எல்லையருகே துப்பாக்கி சுடக் கூடாது என்ற 1996 ஒப்பந்தத்தை இரு தரப்பும் மீறவில்லை. 1914இல் ஐரோப்பாவில் இருந்தது போல ஒருவர் இறங்கினால் அடுத்தவரும் இறங்கியே தீர வேண்டும் என்ற உடன்படிக்கைச் சங்கிலி இங்கே இல்லை. 2025 செப்டம்பரில் சவூதியும் பாகிஸ்தானும் போட்ட பாதுகாப்பு ஒப்பந்தம் அந்தத் திசையில் ஓர் அடி. கவனித்துவர வேண்டியது. ஆனாலும் உலகப் போரை விட, இரண்டு நாட்டுக்குள்ளேயே சில மணி நேரத்தில் கை மீறிப்போகும் போர்தான் உண்மையான ஆபத்து.

எதைப் பார்ப்பது? முதலில், எதை அடித்தார்கள் என்பதை. 2025 மே 7 அன்று இந்தியா தாக்கிய ஒன்பதும் பயங்கரவாத முகாம்கள், ராணுவ நிலைகளைத் தொடவில்லை என்று அன்று காலையே அறிவித்தது. 8ஆம் தேதி இலக்கு லாகூரின் வான்பாதுகாப்பு ரேடார். 10ஆம் தேதி ராவல்பிண்டியின் நூர் கான் உள்ளிட்ட விமானத் தளங்கள். அங்கிருந்து பாகிஸ்தானின் ராணுவத் தலைமையகம் கொஞ்ச தூரம்தான். மூன்று நாளில் மூன்று படி ஏறியது, ஒவ்வொரு படியும் முந்தையதற்குப் பதில் என்றே சொல்லப்பட்டது. முகாமிலிருந்து ரேடார், ரேடாரிலிருந்து தளம் என்று இலக்கு மாறினால் நிலைமை மோசமாகிறது என்று பொருள். சேனல் கத்துகிறதா என்று பார்க்காதீர்கள். கராச்சி அழிந்தது என்ற பொய் உங்கள் வீட்டுத் தூக்கத்தைக் கெடுத்ததோடு நிற்கவில்லை, பின்வாங்க நினைக்கும் தலைவருக்கும் அது வழியை அடைக்கிறது.

அடுத்தது, விமான நிலையங்கள் மூடப்படுவதும் எத்தனை நாளைக்கு என்பதும். பிறகு, படைகளை ஏற்ற ரயில்கள் திருப்பிவிடப்படுகின்றனவா என்பது. தரைப்படை நகராதவரை இடம் பிடிக்கும் எண்ணம் இல்லை என்று கொள்ளலாம்.

எல்லாவற்றையும் விட முக்கியம் ஒரு தொலைபேசி. இரு நாட்டு ராணுவ நடவடிக்கைத் தலைமை இயக்குநர்களுக்கும் இடையே ஹாட்லைன் உண்டு. அமைதிக் காலத்தில் செவ்வாய்தோறும் அதில் பேச்சு நடக்கும். மே 10 பிற்பகல் 3.35க்குப் பாகிஸ்தான் இயக்குநர் அதில் அழைத்தார். மாலை 5 மணிக்குச் சண்டையை நிறுத்துவது என்று முடிவானது. அன்று இரவும் ஜம்முவிலும் ஸ்ரீநகரிலும் டிரோன்கள் தெரிந்தன, உங்கள் வீட்டில் மறுபடி பயந்திருப்பீர்கள். 12ஆம் தேதி மூடியிருந்த 32 விமான நிலையங்களும் திறந்தன, அன்று மாலை அதே ஹாட்லைனில் இருவரும் மறுபடி பேசினார்கள்.