மகள் காவலர் தேர்வு எழுதுகிறாள்: ஊர்ப்பேச்சைக் கேட்பதா, ஆய்வைப் பார்ப்பதா?

கேள்வி: என் மகளுக்கு 22 வயது. பி.எஸ்சி. முடித்துவிட்டு இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குப் படிக்கிறாள். விடியற்காலை நாலரை மணிக்கே ஓடுவதற்கு மைதானத்துக்குக் கிளம்பிவிடுகிறாள். "போலீஸ் வேலைக்குப் போனால் வரன் அமையாது, யாரும் மதிக்க மாட்டார்கள்" என்கிறார் என் அக்கா. காவல் துறையைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று ஆய்வுகள் நடந்திருக்கின்றனவாமே, அவற்றை வைத்து நான் ஒரு முடிவுக்கு வரலாமா? (ஒரு தந்தை, விழுப்புரம் மாவட்டம்)

பதில்: வரலாம். ஆனால் மக்களின் கருத்தைச் சொல்லும் ஆய்வுகளைவிட, காவலர்களின் வாழ்க்கையைச் சொல்லும் ஆய்வுகள்தான் உங்களுக்கு அதிகம் பயன்படும். குற்றவியல் பாடம் நடத்துபவன் என்ற முறையில் காரணத்தைச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவர்களோடு கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு ஒரு சந்தைக்குப் போனேன். காய்கறிக் கடைக்காரர் ஒருவரிடம், "ஒரு பிரச்சினை என்றால் தனியாகக் காவல் நிலையத்துக்குப் போவீர்களா?" என்று கேட்டோம். தக்காளியை நிறுத்துக்கொண்டே, "மாட்டேன்" என்றார். காவலர்கள் நியாயமாக நடந்துகொள்கிறார்களா என்றதற்கும் இல்லை என்றுதான் தலையசைத்தார். கடைசியாக, "உங்கள் பிள்ளை இந்த வேலைக்குப் போக விரும்பினால்?" என்றோம். தராசைக் கீழே வைத்துவிட்டார். "எஸ்.ஐ. தேர்வு அறிவிப்பு எப்போது வரும், சார்? என் மகன் தயாராகிக்கொண்டிருக்கிறான்" என்றார்.

அவர் மாற்றிப் பேசவில்லை. காவல் துறை மீதுள்ள அச்சம் வேறு, தெரிந்த ஒரு காவலர் மீதுள்ள மதிப்பு வேறு, அந்த வேலை மீதுள்ள ஆசை வேறு. மூன்றும் ஒரே மனிதருக்குள் இருக்கும். 2020இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் சித்திரவதைப்பட்டு இறந்தபோது தமிழ்நாடே கொதித்தது. கொதித்ததில் நியாயம் இருந்தது. அந்தக் கோபத்தை உங்கள் மகள் அறிந்திருக்க வேண்டும். அதற்குப் பயந்து அவள் ஒதுங்க வேண்டியதில்லை. உங்கள் அக்கா சொல்வது மூன்றில் ஒன்றை மட்டும்தான். தமிழ்நாட்டில் பெண்கள் காவலர் பணியில் சேரத் தொடங்கியது 1973இல்; அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது.

இந்த வேலைக்கு ஏன் வருகிறார்கள் என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். நியூயார்க் காவல் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தவர்களிடம் ரகனெல்லா, ஒயிட் என்ற இருவர் நடத்திய ஆய்வு 2004இல் வெளிவந்தது. ஆண், பெண், வெள்ளையர், கறுப்பர் என்ற பேதமில்லாமல், பிறருக்கு உதவும் வாய்ப்பும் நிரந்தர வேலை என்ற உறுதியும் முன்வரிசையில் நின்றன. நம் ஊர்ப் பிள்ளைகளிடம் பேசும்போது நானும் இதையேதான் கேட்கிறேன். ஆகவே உங்கள் மகள் "அரசு வேலை, அதனால்தான்" என்று சொன்னால் வருத்தப்படாதீர்கள்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது பணி நேரத்தைப் பற்றி. காமன் காஸ் அமைப்பும் சி.எஸ்.டி.எஸ். ஆய்வு மையமும் 21 மாநிலங்களில் ஏறத்தாழ 12,000 காவலர்களைச் சந்தித்து 2019இல் ஓர் அறிக்கை வெளியிட்டன. காவலர் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 14 மணி நேரம் வேலை செய்கிறார். இருவரில் ஒருவருக்கு வார ஓய்வே கிடையாது என்றது அது. தமிழ்நாட்டில் 2021இல் வார ஓய்வுக்கு அரசாணை வந்தது. நல்ல ஆணை. ஆனால் திருவிழா, தேர்தல், தலைவர்கள் வருகை என்று பந்தோபஸ்து வந்தால் அந்த ஓய்வு கைக்கு வருகிறதா என்பதைப் பணியில் இருப்பவர்களிடம்தான் கேட்க வேண்டும். வரன் பற்றிய பேச்சுக்கு அடியில் இருப்பதும் பெரும்பாலும் இதுதான். மதிப்புக் குறைவு என்பார்கள். கொஞ்சம் பேசிப் பார்த்தால், இரவுப் பணியும் திடீர் அழைப்புமே தயக்கம் என்று தெரியவரும்.

இன்னொன்று, பலர் விசாரிக்காமல் விடுவது. இரண்டாம் நிலைக் காவலராகத் தேர்வாகும் பெண்கள் நேராகக் காவல் நிலையத்தில் போய் உட்காருவதில்லை. முதலில் மாவட்ட அல்லது மாநகர ஆயுதப்படைதான். பாரா எனும் வாயிற்காவல், பந்தோபஸ்து, கைதி வழிக்காவல் என்று தொடக்க ஆண்டுகள் அதிலேயே போகும். என்னிடம் படித்து இந்தப் பணிக்குப் போன ஒரு பெண், பந்தோபஸ்து நாளில் காலை ஆறு மணிக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவேன் என்றாள். சாலையோரத்தில் கழிப்பறை இல்லை. 2021இல் முதல்வர் செல்லும் சாலைகளில் பெண் காவலர்களை நிறுத்த வேண்டாம் என்று டி.ஜி.பி. உத்தரவிட்டதன் பின்னணியில் இந்தச் சிரமமும் உண்டு.

அதே நேரம், ஒரு பெண் காவலர் இருப்பதால் என்ன மாறுகிறது என்பதற்கும் சான்று உண்டு. மத்தியப் பிரதேசத்தில் 180 காவல் நிலையங்களில் மகளிர் உதவி மேசை அமைத்துப் பார்த்த ஆய்வு 2022இல் வெளிவந்தது. உதவி மேசை வைத்த நிலையங்களில் பெண்களின் புகார்கள் பதிவாவது கூடியது. அந்த மேசையைப் பெண் அதிகாரி நடத்திய இடங்களில் பலன் மேலும் தெளிவாகத் தெரிந்தது. "இந்த வேலையில் என்ன சாதித்துவிடப் போகிறாய்" என்று யாராவது உங்கள் மகளிடம் கேட்டால், இதைச் சொல்லச் சொல்லுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியதற்கு வருகிறேன். ஐந்து ஆண்டுகளாவது பணி செய்த இரண்டு பெண் காவலர்களைத் தேடிப் பிடியுங்கள். ஒருவர் ஆயுதப்படையில் இருப்பவராகவும் மற்றவர் நிலையத்தில் இருப்பவராகவும் இருந்தால் நல்லது. மகளை அவர்களோடு தனியே பேச விடுங்கள். தந்தை பக்கத்தில் இருந்தால் சில விஷயங்களைச் சொல்ல மாட்டார்கள். போன மாதம் எத்தனை நாள் ஓய்வு கிடைத்தது, குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள், மேலதிகாரி கடிந்து பேசினால் யாரிடம் போவார்கள் என்று அவளே கேட்கட்டும். பட்டதாரி என்பதால் எஸ்.ஐ. தேர்வையும் அவள் மனத்தில் வைத்திருக்க வேண்டும். நேரடி எஸ்.ஐ. தேர்வில் துறையில் பணியாற்றுவோருக்கு 20 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. காவலராகச் சேர்ந்தாலும் அந்தப் புத்தகங்களை எடைக்குப் போட்டுவிட வேண்டாம்.

எல்லாம் கேட்ட பிறகும் மறுநாள் நாலரை மணிக்கு அவள் எழுந்தால், அக்காவுக்கு நீங்களே பதில் சொல்லிவிடுங்கள். இருட்டில் ஓடுகிற பெண்ணுக்குத் துணையாக மைதானம் வரை போய்வருவதும் நல்லது.